மனத்தில் குடியேறும் கதைமாந்தர்

ஆனித் திங்கள் முழுநிலா நாளில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிச்சாடனர் கோலத்தில் சிவபெருமான் வீதியுலா வருகையில், இருமருங்கிலுமுள்ள மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாங்கனிகள் மழையெனப் பொழிகின்றன. கீழே நிற்பவர் முந்தானையை விரித்தும் துண்டை ஏந்தியும் அவற்றைப் பிடிக்கின்றனர். பிள்ளைப்பேறு வேண்டுவோர் ஒரு கனியேனும் கைக்கு எட்டாதா என ஏங்கி நிற்கின்றனர். சமயத்தால் நாம் வேறு. ஆயினும் இவ்வூரில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுள் புனிதவதியின் கதையை அறியாதவர் அரியர். அவர்களை எந்தப் பாட நூலும் வற்புறுத்தவில்லை. கதை தானாகவே வந்து மனத்தில் குடியேறிக்கொண்டது.

எதனால் அவ்வாறு குடியேறியது? கதையில் வரும் ஒருவரை நாம் விரும்புகிறோம், மற்றொருவரை மதிப்பதோடு நின்றுவிடுகிறோம், இன்னொருவரை அடுத்த நாளே மறந்துபோகிறோம். இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை இந்தக் கரையோரத்து வரலாற்றைக் கொண்டே ஆராய விழைகிறோம். வெளியூர் செல்லத் தேவையில்லை. அரசலாற்றங்கரையில் தொடங்கி, நண்டலாற்றைக் கடந்து தரங்கம்பாடி, மாயூரம் வரை போய்வந்தால் போதுமான சான்றுகள் கிடைக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். காரைக்கால் அம்மையார் கற்பனைப் பாத்திரம் அல்லர். சைவ அடியார் அறுபத்து மூவருள் இடம்பெற்ற மூன்று பெண்களுள் ஒருவர். அற்புதத் திருவந்தாதி முதலிய நூல்களை இயற்றிய தொன்மையான கவிஞர். ஆனால் மக்கள் மனத்தில் வாழ்கிற புனிதவதி, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தம் பெரியபுராணத்தில் தீட்டிக் காட்டிய புனிதவதி. அம்மையாருக்கும் சேக்கிழாருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. அம்மையார் தம் பாடல்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே குறித்துக்கொள்கிறார். சுடுகாட்டையும் அங்கே ஆடும் இறைவனையும் பாடுகிறார். மாங்கனியைப் பற்றியோ, கணவனைப் பற்றியோ, அடுக்களையைப் பற்றியோ அப்பாடல்களில் ஒரு சொல்லும் இல்லை. நாம் அன்பு செலுத்துகிற பெண்ணை நமக்குத் தந்தவர் சேக்கிழாரே.

அவர் தந்த விதத்தைக் கவனியுங்கள். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன் அவளை மணந்து காரைக்காலிலேயே வாணிகம் செய்கிறான். ஒருநாள் கடையிலிருந்து இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வாசலில் வந்து நிற்கிறார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. இருந்த கனிகளுள் ஒன்றை இலையில் இட்டு அவரை உண்பிக்கிறாள். நண்பகலில் கணவன் வருகிறான். எஞ்சிய கனியை உண்டு, அதன் சுவையில் மயங்கி, மற்றதையும் கொண்டுவா என்கிறான். அவள் உள்ளே போகிறாள். கையில் ஒன்றுமில்லை.

கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. பின்னால் வருகிற அற்புதங்கள் பெரியவை. இறைவனருளால் ஒரு கனி கையில் வந்து சேர்கிறது. அது முன்னதினும் வேறான சுவையுடையதாயிருக்கக் கணவன் வினவுகிறான். அவள் உண்மையைச் சொல்ல, அப்படியானால் இன்னொன்று வருவிப்பாயாக என்கிறான். அதுவும் வந்து அவன் கையில் இட்டவுடன் மறைந்துபோகிறது. அவன் அஞ்சிக் கப்பலேறுகிறான். பாண்டி நாட்டு நகரொன்றில் வேறு மணம் புரிந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். இவையெல்லாம் வியப்பூட்டுவன. ஆனால் அடுக்களைக்குள் வெறுங்கையோடு நின்ற அந்தக் கணம் வியப்பு அன்று. நாமெல்லாரும் அறிந்த ஒன்று. விருந்தினருக்கு ஈந்துவிட்டுக் கணவனுக்கு என்ன விடை சொல்வது எனத் திகைத்து நின்ற பெண்கள் எத்தனை பேர்! பானையைத் துழாவிப் பார்த்துவிட்டு, நிறைந்திருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்த தாய்மார் எத்தனை பேர்! சேக்கிழார் தம் அடியாரை முதலில் அங்கே நிறுத்திக் காட்டிய பிறகே கயிலைக்கு அனுப்புகிறார். கறி ஆகவில்லை என்ற சிறு செய்தியை அவர் விட்டிருந்தால் காவியத்துக்கு இழப்பொன்றும் நேர்ந்திராது. ஆனால் அந்தப் பெண் நம் வீட்டுப் பெண்ணாகியிருக்க மாட்டாள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கணவன் தன் காலில் விழுந்து வணங்கியபின் புனிதவதி தன் அழகையும் தசையையும் உதறிவிட்டுப் பேயுரு வேண்டிப் பெறுகிறாள். சோழர் காலத்துச் சிற்பிகள் அந்த உருவத்தைத் தயங்காமல் வடித்தனர். விலா எலும்புகள் தெரிய, கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் அம்மையாரின் செப்புத் திருமேனியொன்று இன்று அமெரிக்காவின் கான்சாஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்திலும் ஆடவல்லானின் அருகே அவரைக் காணலாம். ஆனால் ஊர்த் திருவிழா கொண்டாடுவது மாங்கனியை. 1973-இல் ஏ.பி. நாகராசன் இக்கதையைத் திரைப்படமாக எடுத்தபோது, இளம் புனிதவதியாக லட்சுமியும், உருமாறிய அம்மையாராகக் கே.பி. சுந்தராம்பாளும் நடித்தனர். ஒரே வாழ்வுக்கு இரண்டு முகங்கள் தேவைப்பட்டன. மக்கள் விரும்பிய முகம் ஒன்று. அம்மையார் தாமே தேர்ந்துகொண்ட முகம் மற்றொன்று. ஒருவரை நாம் விரும்புகிறோம் என்பது, அவர் யாராக இருந்தாரோ அவரையே விரும்புகிறோம் என்று பொருள்படாது. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினம். 15ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் அவையில் காளமேகப் புலவர் அதிமதுரகவியோடு மோதினார் என்பது செவிவழி வரலாறு. மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர், திருவானைக்காவில் ஒரு நடனமாதின்மேல் கொண்ட காதலால் சமயமே மாறியவர், வாய்த்துடுக்கு மிக்கவர், கோபம் வந்தால் ஊரையே சபிப்பவர். நற்பண்புகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இவர் எதிலும் தேறமாட்டார். ஆயினும் பல்லக்கேறி வந்த புலவர்களை ஒரு சமையற்காரர் சொல்லால் வென்றார் என்னும்போது யாருக்குத்தான் உள்ளம் குளிராது? அவர் மண்மாரி பொழியச் சபித்த ஊரின் மக்களே அச்சாபத்தைப் பெருமையோடு எடுத்துச் சொல்வது நாம் கேட்டு மகிழ்ந்த ஒன்று. ஆக, நல்லவரைத்தான் மக்கள் விரும்புவர் என்னும் எளிய விதி இங்கேயே உடைந்துபோகிறது.

நம் திருச்சபை வரலாற்றிலிருந்தே இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயேசு சபைக் குருவை வீரமாமுனிவராகத் தமிழுலகம் அறியும். அவர் 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அதன் தலைவர் புனித சூசையப்பர். அவருக்கு வளன் என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டினார். பெருங்காப்பியத்துக்குரிய இலக்கணம் எதிலும் குறைவில்லை. தமிழ்ப் புலவர் உலகம் அந்நூலை வியந்து போற்றியது, இன்றும் போற்றுகிறது. அதே கை, மொழி பயில்வோருக்கு உதவும் பொருட்டு, பேச்சு வழக்கை ஒட்டிய எளிய உரைநடையில் பரமார்த்த குருவின் கதை என்று ஒரு சிறு நூலையும் எழுதியது. முனிவர் 1747-இல் கேரளத்து அம்பலக்காட்டில் மறைந்தார். அச்சிறு நூல் 1822-இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சேறியது. அதன்பின் தமிழ்நாட்டில் அதைப் படிக்காத, அல்லது பாட்டியிடம் கேட்காத குழந்தை இல்லை எனலாம்.

நம் வீடுகளில் யாரையேனும் நிறுத்தி வளனின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியைத் தேம்பாவணியின் வழி சொல்லக் கேட்டால், தமிழாசிரியர் தவிர்த்துப் பெரும்பாலோர் விழிப்பர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடரையோ பெயர் சொல்லி அழைப்பர். ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்தவர்கள், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்க முற்பட்டவர்கள், தன்னை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் எண்ணி ஒருவரைக் காணோம் என்று அழுதவர்கள்! விழுந்தவற்றுள் எவற்றை எடுக்கவேண்டும் என்று குரு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க, அவரே குதிரையிலிருந்து பள்ளத்தில் விழுந்தபோது, பட்டியலில் அவர் பெயர் இல்லையே என்று தலைப்பாகையையும் துணியையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு அவரை அங்கேயே விட்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். தம்மையும் பட்டியலில் சேர்த்து எழுதிக் கொடுத்த பிறகே குரு மேலே வருகிறார்.

ஒரு குருவானவர், குருவையே கேலிப் பொருளாக வைத்து எழுதிய நூல் இது என்பதில் எமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. விழுந்தபின் தம் பெயரை எழுதிச் சேர்க்கும் நிலை சமயத் தலைவர்கள் பலருக்கும் நேர்கிறது. முனிவர் அதை அறிந்தே இருந்திருப்பார். ஆனால் நகைப்பு மட்டுமே இம்மாந்தரை விரும்பத்தக்கவராக ஆக்கிவிட்டதா? அல்ல என்று தோன்றுகிறது. அறிவீனர் பலரை நாம் வெறுக்கவும் செய்கிறோம். மட்டிக்கும் மடையனுக்கும் வஞ்சனை தெரியாது. குருவை விட்டு ஒருநாளும் ஓடிப்போகமாட்டார்கள். ஒருவரைக் காணோம் என்று அவர்கள் அழுத அழுகை உண்மையான அழுகை. அறிவு குறைந்த இடத்தில் அன்பு குறையவில்லை. அதனால்தான் நாம் அவர்களைப் பார்த்துச் சிரித்தபின் அவர்களை விட்டுப் பிரிய மனம் கொள்வதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்துகையில் நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வைத்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நிற்கிற பாத்திரங்கள் நீடு வாழ்கின்றன.

இனி, இக்கட்டுரையின் நடுப் பொருளுக்கு வருவோம்.

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. நீதிமன்றத்தில் பதிவாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிப் பின்னர் மாவட்ட முன்சீப் ஆனார். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கினார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு அப்பால், ஆற்றைக் கடந்தவுடன் அவர் அதிகார எல்லை தொடங்கிற்று. நாள்தோறும் பொய்ச்சாட்சியையும் நிலத்தகராறையும் கண்டவர். 1859-இல் நீதிநூலையும், 1869-இல் பெண்கல்வியை வலியுறுத்திப் பெண்மதி மாலையையும் வெளியிட்டார். 1879-இல் அவர் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல் என்னும் சிறப்பைப் பெற்றது.

அந்நூலுக்கு அவர் ஆங்கிலத்தில் ஒரு முன்னுரை எழுதினார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே இதை எழுதியதாகச் சொல்கிறார். அதைத் தொடர்ந்து, தம் முதன்மைக் கதைமாந்தரை முழுமையான நற்பண்புடையோராகவே படைத்திருப்பதாகவும், இதில் ஆங்கில அறநெறியாளரான டாக்டர் ஜான்சனின் கருத்தைப் பின்பற்றியதாகவும் அறிவிக்கிறார்.

ஜான்சன் 1750-இல் தாம் நடத்திய ராம்ப்ளர் இதழின் நான்காம் கட்டுரையில் இதைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பீல்டிங்கின் டாம் ஜோன்ஸ் வெளிவந்திருந்தது. நல்ல உள்ளமும் ஒழுக்கக் கேடும் கலந்த ஓர் இளைஞன் அதன் தலைவன். இத்தகைய கலப்பைக் கண்டு ஜான்சன் கவலையுற்றார். கதைமாந்தன்மேல் நமக்கு அன்பு வளர வளர, அவன் குற்றங்களின்மேல் இருந்த வெறுப்பு தேய்ந்துபோகிறது. கதை படிப்போரோ பெரும்பாலும் இளைஞரும் அனுபவமற்றவரும். ஆகையால் மாந்தரால் எட்டக்கூடிய அளவில் மிக உயர்ந்த நற்குணத்தையே காட்டுக என்பது அவர் வாதம். இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட எம்மால் இயலவில்லை. கத்தி சுழற்றும் கதாநாயகன் திரையில் தோன்றுகையில் எழும் சீழ்க்கை ஒலியைக் கேட்டவர் எவரும் ஜான்சனின் கவலையை நகையாட மாட்டார். தெரு முனையில் அந்நாயகனைப்போலவே முடிவெட்டிக்கொண்டு நிற்கும் சிறுவனுக்கு ஞானோபதேசம் கற்பிக்கும் கடமை நம்முடையதாகவும் இருக்கிறது.

மறுபுறம், ஜான்சனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே அரிஸ்டாட்டில் வேறு விதமாகச் சொல்லிச் சென்றார். முற்றிலும் நல்லவன் வீழ்ந்தால் நமக்கு அருவருப்பே உண்டாகும். முற்றிலும் தீயவன் வீழ்ந்தால் இரக்கம் உண்டாகாது. இடைப்பட்டவன், நம்மைப் போன்றவன், ஏதோ ஒரு தவற்றால் வீழும்போதே இரக்கமும் அச்சமும் பிறக்கும் என்பது அவர் கவிதையியலின் கருத்து. குருமடத்தில் இதைப் படித்தபோது பேதுரு நினைவுக்கு வந்தார். பன்னிரு திருத்தூதருள் நம் மக்கள் மிக நெருக்கமாக உணர்வது அவரைத்தான். நீரின்மேல் நடந்ததற்காக அன்று. மூழ்கியதற்காக, சேவல் கூவியதற்காக.

வேதநாயகம் பிள்ளை இவ்விருவருள் யாரைப் பின்பற்றினார்? முன்னுரையில் ஜான்சனை. நூலிலோ, நல்லவேளையாக, அவரை முழுதும் பின்பற்றவில்லை. பிரதாபன் தன் கதையைத் தானே சொல்கிறான். செல்வச் செருக்கில் பிறந்தவன். பாட்டியின் செல்லத்தில் வளர்ந்தவன். பணக்காரனுக்குப் படிப்பெதற்கு என்று கருதியவன். அவன் பாடத்தில் செய்யும் பிழைக்கு ஆசிரியரின் மகன் கனகசபை அடிபடுகிறான். இதுவா முழுமையான நற்பண்பு? ஆனால் இதையெல்லாம் அவனே, தன்னைப் பார்த்துத் தானே நகைத்துக்கொண்டு சொல்வதால் நாம் முதல் அத்தியாயத்திலேயே அவனை மன்னித்துவிடுகிறோம். நீதிபதியாயிருந்தவர் கூண்டில் நிற்பவனின் வாக்குமூலத்தைக் கேட்டுப் பழகியவரன்றோ! தன் குற்றத்தைத் தானே சொல்பவனிடம் கேட்போர் மனம் இளகும் என்பதை அவர் சட்ட நூலில் கற்றிருக்கத் தேவையில்லை.

ஞானாம்பாள் இன்னும் ஒருபடி மேலே நிற்கிறாள். அவளிடம் குறையொன்றும் காணமுடியாது, ஜான்சனும் நிறைவடைந்திருப்பார். பின் எப்படி அவள் சலிப்பூட்டாமல் இருக்கிறாள்? அவள் நன்மையைச் சுமந்துகொண்டு நிற்பதில்லை. அதைக்கொண்டு எதையாவது செய்துகொண்டே இருக்கிறாள். கல்வியில் பிரதாபனை முந்துகிறாள். கணவனைப் பிரிந்த நிலையில் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை அடைகிறாள். அரசனில்லாத அந்நாட்டில் யானை அவளுக்கு மாலை சூட்ட, அரியணை ஏறி ஆள்கிறாள். அதே ஊரில் பிரதாபன் ஒரு செருப்புத் தைப்பவனிடம், வேலையை முடித்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று வாய்விட்டு மாட்டிக்கொள்கிறான். எவ்வளவு கொடுத்தாலும் தனக்குச் சந்தோஷமில்லை என்கிறான் அவன். வழக்கு அவைக்கு வருகிறது. தங்களுக்குப் புதிய அரசர் கிடைத்ததில் உனக்குச் சந்தோஷந்தானா என்று ஞானாம்பாள் கேட்கிறாள். இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? சந்தோஷம் என்கிறான். கடன் தீர்ந்தது.

இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிக்காத வாசகரை நாம் கண்டதில்லை. 1879-இல் இதைப் படித்த குடும்பங்களில் எழுத்தறிந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பர்? யாரோ ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டிருப்பர். பெண்கல்வி வேண்டும் என்று பத்தாண்டுகளுக்கு முன் பெண்மதி மாலையில் செய்யுளாகச் சொன்னார். அதைவிட ஒரு பெண் தீர்ப்பு வழங்கி அவையைச் சிரிக்கவைத்த காட்சி எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும்! நல்லவள் என்று ஆசிரியர் பத்து முறை சொல்வதைவிட, அவள் ஒருமுறை நம்மை வியக்கச் செய்வது மேலானது. முழுமையான நற்பண்பும் விரும்பத்தக்கதாக அமையும்; அதற்கு அறிவின் துள்ளல் துணை நிற்கவேண்டும். 1887-இல் அவர் எழுதிய இரண்டாம் நாவலான சுகுண சுந்தரியின் தலைவியும் பெயருக்கேற்ற குணவதியே. ஆனால் அவளை இன்று ஆய்வாளரன்றி நினைப்பார் இல்லை.

இதற்கு நேர் எதிரே நிற்பவள் ஞானசௌந்தரி. கையிழந்த கன்னியின் கதை ஐரோப்பாவில் பல வடிவங்களில் வழங்கியது. 13ஆம் நூற்றாண்டில் பிலிப் தெ ரெமி பிரெஞ்சு மொழியில் பாடிய லா மானெக்கின் அவற்றுள் ஒன்று. கிரிம் உடன்பிறப்புகளின் தொகுப்பிலும் இக்கதை உண்டு. தமிழ்க் கிறிஸ்தவரிடையே அது அம்மானையாகவும் நாடகமாகவும் பரவியது. 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் இதை நாடகமாக்கியதால், கத்தோலிக்கக் கதையொன்று எல்லாச் சமயத்தாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கதையாயிற்று. 1948-இல் சிட்டாடல் நிறுவனத்தாரும் ஜெமினி நிறுவனத்தாரும் இதே கதையைத் தனித்தனியே படமாக்கினர். எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்த சிட்டாடல் படமே மக்கள் உள்ளத்தை வென்றது. தேவ மாதாவை நோக்கி அதில் பாடப்பெற்ற பாடல் கோவில்களைக் கடந்து தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது.

மாற்றாந்தாய் லேனாளின் சூழ்ச்சியால் காட்டில் கைகள் துண்டிக்கப்பட்டவள். இளவரசன் பிலேந்திரன் மணந்தும், போலிக் கடிதத்தால் பச்சிளங் குழந்தைகளோடு மறுபடி காட்டுக்குத் துரத்தப்பட்டவள். மாதாவின் அருளால் கைகளைத் திரும்பப் பெறுபவள். புனிதவதியின் வெறுங்கை இங்கே கையே இல்லாத கொடுமையாக வளர்ந்துவிடுகிறது. அரங்கில் அழாதவர் எவர்? ஆனால் இந்த அழுகையைப் பற்றிப் புனித அகுஸ்தினார் எழுப்பிய கேள்வியைத் தவிர்க்க முடியாது. கார்த்தேஜ் நகரில் மாணவராயிருக்கையில் தாம் நாடகங்களில் மயங்கிக் கிடந்ததைத் தம் அறிக்கைகளின் மூன்றாம் நூலில் அவர் நினைவுகூர்கிறார். தன் வாழ்வில் நேர விரும்பாத துயரத்தை மேடையில் பார்த்து மனிதன் ஏன் இன்புறுகிறான்? அங்கே பார்ப்பவனை உதவ வருமாறு யாரும் அழைப்பதில்லை. வருந்த மட்டுமே அழைக்கின்றனர். எவ்வளவு வருந்துகிறானோ அவ்வளவு நடிகனைப் பாராட்டுகிறான் என்கிறார்.

இது வெறும் கலைக் கேள்வியன்று. அடிபட்டுத் தாய்வீட்டுக்கு வந்த மகளைத் திருப்பி அனுப்புகையில், ஞானசௌந்தரி படாத பாட்டையா நீ பட்டுவிட்டாய் என்று மூத்த பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சொன்னவர்கள் கொடியவர் அல்லர். இளமையில் அந்தக் கதைக்காக உள்ளம் உருகி அழுதவர்கள். அழுத அழுகையே பின்னர் அறிவுரையாக மாறியிருந்தது. பொறுத்துக்கொள்கிறவளை நாம் மிகுதியாக விரும்பிவிட்டோம்; அவள் பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றும் விரும்பத் தொடங்கிவிட்டோம். கதை அவ்வாறு சொல்லவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. கதையில் மாதா அவளுக்குக் கைகளைத் திரும்பக் கொடுக்கிறார். பொறுமைக்குப் பாராட்டுரை வழங்கிவிட்டுப் போய்விடவில்லை. லேனாளின் வஞ்சகம் வெளிப்படுகிறது. ஆனால் நினைவில் நிற்பது துண்டிக்கப்பட்ட கைகளே. காரைக்கால் மாங்கனியை நினைத்துப் பேயுருவை மறந்ததைப்போல, நம்மவர் காயத்தை நினைத்துக் குணமானதை மறந்தனர்.

அதற்காக ஞானசௌந்தரியை மேடையிலிருந்து இறக்கிவிட வேண்டுமா? வேண்டா. நம் மக்கள் கட்டிக்காத்த கதைகளுள் அவளுக்கு ஒப்பானவர் சிலரே. எஸ்தாக்கியார் வாசாப்பில், ஒரு பிள்ளையை அக்கரையில் விட்டு மறு பிள்ளையை அழைக்கத் திரும்பிய தந்தை நடு ஆற்றில் நிற்கையில், இரு கரைகளிலும் இரு பிள்ளைகளையும் விலங்குகள் தூக்கிச் செல்லும் காட்சி ஒன்று உண்டு. அதற்கு நிகரானது ஞானசௌந்தரியின் காட்டுக் காட்சி. இவற்றை இழந்தால் நாம் ஏழையராவோம். ஆனால் கைகள் திரும்ப வந்தபின் அவள் அவற்றால் என்ன செய்தாள் என்பதற்கும் ஒரு காட்சி எழுதினால் கதைக்குக் கேடில்லை. அவ்விடத்தில் ஞானாம்பாளிடமிருந்து சிறிது கடன் வாங்கலாம்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு எம் பங்கு இளைஞர் ஞானசௌந்தரி நாடகம் போட அனுமதி கேட்டு வந்தனர். மேற்சொன்ன காட்சியைச் சேர்ப்பதாயின் சம்மதம் என்றோம். ஒப்புக்கொண்டு, சென்ற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் பாத்திரங்களுக்கு ஆள் தெரிவு செய்தனர். லேனாள் வேடத்துக்கு மூன்று பெண்கள் போட்டியிட, சீட்டுக் குலுக்கிப் போட நேர்ந்தது. இரண்டு மணி நேரம் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று கேட்டபின், ஞானசௌந்தரிக்கு மட்டும் இதுவரை எவரும் பெயர் கொடுக்கவில்லை.